ஏற்றித்தான் இறக்கணும்

என் தங்கை மகன் மீன் வண்டி ஓட்டுகிறான். மண்டபத்தில் பெட்டி ஏற்றினால் விடிவதற்குள் மதுரை மார்க்கெட்டில் இறக்கியாக வேண்டும். சொந்த பிக்கப். கடன் அடைந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. 2024 ஜூனில், மீன்பிடித் தடைக்காலம் முடிந்த முதல் வாரம், ராத்திரி ஒன்றரை மணிக்கு எனக்குப் போன் செய்தான். உச்சிப்புளிக்கு மேற்கே ரோட்டோரம் நிற்கிறானாம். பின்பக்க இடது டயர் பஞ்சர்.

“பஞ்சர்னா ஸ்டெப்னிய மாட்டிட்டுப் போடா. என்னை எதுக்கு எழுப்புற?”

“ஸ்டெப்னி எறங்க மாட்டேங்குது மாமா.”

எனக்கு அப்போது எழுபத்திரண்டு வயது. அதில் முப்பத்தேழு வருஷம் லாரியில் போனது. டயர் வெடித்து நின்றிருக்கிறேன், ஆக்சில் ஒடிந்து நின்றிருக்கிறேன், டீசல் தீர்ந்து வெட்கத்தோடும் நின்றிருக்கிறேன். ஆனால் ஸ்டெப்னி கையில் இருந்தும் கழற்ற முடியாமல் நிற்பது தனிக் கொடுமை. இலையில் சோறு இருக்கிறது, கையைக் கட்டிப்போட்டிருக்கிறது என்கிற மாதிரி. டிவிஎஸ் ஃபிஃப்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். டீசலும் பழைய இன்ஜின் ஆயிலும் கலந்து ஒரு பாட்டிலில் எப்போதும் வைத்திருப்பேன். அதையும் மடியில் வைத்துக்கொண்டேன்.

போகிற வழியில் அந்தச் சொல்லைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். நாம் ஏதோ நம் பட்டறையில் பிறந்த சொல் மாதிரி ஸ்டெப்னி, ஸ்டெப்னி என்கிறோம். அது வேல்ஸ் நாட்டில் லனெத்லி என்கிற ஊரில் உள்ள ஒரு தெருவின் பெயர். அந்தக் காலத்து மோட்டார் காருக்கு மாற்றுச் சக்கரமே கிடையாது. பஞ்சரானால் நடு ரோட்டில் உட்கார்ந்து டயரைப் பிரித்து ஒட்ட வேண்டியதுதான். 1904 வாக்கில் ஸ்டெப்னி தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள், ஆரக்கால் இல்லாத ஒரு வளையத்தில் காற்றடைத்த டயரை மாட்டி, பஞ்சரான சக்கரத்தின் மேலேயே பிடித்துக் கட்டுகிற மாதிரி ஒன்றைச் செய்து விற்றார்கள். பிள்ளைகள் அதன் பெயரை வேறு ஒரு பொருளில் சொல்லிச் சிரிப்பதுண்டு. எனக்கு அது பிடிக்காது. ஆபத்துக்கு வந்து நிற்கிற ஒன்றின் பெயரை அப்படி இளப்பமாகச் சொல்லக் கூடாது.

போய்ப் பார்த்தால், வண்டி ஜாக்கியில் நிற்கிறது. பஞ்சர் சக்கரத்தைக் கழற்றிச் சாய்த்து வைத்தாயிற்று. அடியில் ஒரு பையன் மல்லாந்து படுத்து, ஸ்டெப்னியை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறான். இன்னொருவன் பக்கவாட்டிலிருந்து வீல் ஸ்பேனரால் அதன் மேல் ‘டங்கு டங்கு’ என்று போடுகிறான். ஒரு டன்னுக்குக் குறையாத மீன், ஐஸ், பெட்டி எல்லாம் மேலே. அதைத் தாங்குவது ரோட்டோரப் பொதபொத மண்ணில் நிற்கிற ஒரு ஜாக்கி. முன் சக்கரத்துக்கு ஒரு கல்கூட முட்டுக் கொடுக்கவில்லை.

முதலில் அவனை வெளியே வரச் சொன்னேன். கொஞ்சம் உரக்கவே சொன்னேன். வந்தான். “உன் தலைக்கு மேல தொங்குறது இருபது இருபத்தஞ்சு கிலோடா. எறங்க மாட்டேன் எறங்க மாட்டேன்னு நிக்கிறது எப்ப எறங்கும்னு உனக்குச் சொல்லிட்டா எறங்கும்?” முன் சக்கரங்களுக்குக் கல் போட வைத்தேன். கழற்றிய சக்கரத்தைப் படுக்க வைத்து சேஸிஸுக்கு அடியில் தள்ளச் சொன்னேன். ஜாக்கி சரிந்தாலும் வண்டி அதன் மேல்தான் உட்காரும், ஆள் மேல் இல்லை. பிறகுதான் டார்ச் அடித்துப் பார்த்தேன்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கார் மாதிரி பிக்கப்புக்கு டிக்கி கிடையாது. சாமான் ஏற்றுகிற தொட்டியில் டயரை வைத்தால் இடம் போகும், திருட்டும் போகும். அதனால் பின்பக்கம் சேஸிஸின் இரண்டு சட்டங்களுக்கு நடுவே, தொட்டிக்கு அடியில், ஸ்டெப்னியைத் தொங்கவிட்டிருப்பார்கள். மேலே ஒரு சின்னப் பெட்டிக்குள் பல்சக்கரம், உருளை, அதில் சுற்றிய இரும்புக் கயிறு. சில வண்டியில் கயிறுக்குப் பதில் சங்கிலி. கயிற்றின் நுனியில் ஒரு தகடு. அந்தத் தகட்டைச் சாய்த்து டிஸ்க்கின் நடு ஓட்டைக்குள் நுழைத்து, பிறகு நேராக்கினால் குறுக்கே நின்று பிடித்துக்கொள்ளும். பின் பம்பர் பக்கம் உள்ள துளை வழியாக ராடை விட்டுச் சுற்றினால் கயிறு உருளையில் ஏறும், டயர் மேலே போய்ச் சட்டத்தில் அழுந்தி உட்காரும். எதிர்ப்பக்கம் சுற்றினால் இறங்கும். கிணற்று ராட்டினம் மாதிரிதான், வாளிக்குப் பதில் சக்கரம்.

இது மீன் வண்டி. அதுதான் வினை. பெட்டியில் ஐஸ் உருகி, கடல் தண்ணீரும் மீன் கழிவும் சேர்ந்து, தொட்டியின் இடுக்கு வழியாக ராத்திரி முழுக்கச் சொட்டும். எங்கே சொட்டும்? நேரே ஸ்டெப்னி தலையில். போதாததற்கு எங்கள் ஊர்க் காற்று. பாம்பன் பக்கம் இரும்பு வைத்துப் பிழைப்பது லேசில்லை. 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தை வருஷா வருஷம் பெயின்ட் அடித்து அடித்துத்தான் காப்பாற்றினார்கள். அப்படியும் கடைசியில் துரு ஜெயித்து, 2022 டிசம்பரில் அதன் மேல் ரயில் போவதை நிறுத்தினார்கள். காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் இடமும் பணமும் கொடுத்து உண்டான மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், அரிப்பைச் சோதிக்க ஒரு கூடத்தை மண்டபத்தில்தான் வைத்திருக்கிறது. துருவைப் படிக்க எங்கள் ஊரை விட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

பனி கொட்டுகிற நாடுகளிலும் இதே கதைதான். அங்கே கடல் வேண்டாம், மனிதனே ரோட்டில் உப்பைத் தூவுகிறான், பனி உருகுவதற்காக. அமெரிக்காவில் 2000 முதல் 2003 வரையிலான மாடல் டொயோட்டா டண்ட்ரா பிக்கப்புகளில் சுமார் 1,10,000 வண்டிகளை 2009-ல் திரும்ப அழைத்தார்கள். பின்பக்கச் சட்டம் துருவேறி, ஓடும்போதே ஸ்டெப்னி ரோட்டில் விழுந்துவிடலாம் என்று. அங்கே விழுந்துவிடும் என்று பயம். இங்கே விழ மாட்டேன் என்கிறது. இரண்டும் ஒரே நோய்தான்.

துரு இரும்பைத் தின்றுவிட்டுப் போய்விடுகிற பிராணி இல்லை. தின்ற இரும்பைவிடப் பெரிதாக வீங்கி, தின்ற இடத்திலேயே குடியிருக்கும். இரண்டு இரும்புக்கு நடுவில் மயிரிழை இடைவெளி இருந்தால் அதையும் அடைத்துக்கொள்ளும். அதனால்தான் நட்டு கழலாது, கீல் திரும்பாது. தடைக்காலத்து 61 நாளும் வண்டி கடற்கரை வீட்டு வாசலில் கழுவாமல் நின்றிருக்கிறது. அதற்கு முன்னாலும் யார் கழுவினார்கள்?

“என்ன செஞ்ச, ஒண்ணொண்ணா சொல்லு” என்றேன்.

ராடை விட்டுச் சுற்றியிருக்கிறான். முதலில் இறுக்கமாக இருந்ததாம். இரண்டு பேர் சேர்ந்து திருப்பியதும் ‘டக்’கென்று விட்டு லேசாகச் சுற்ற ஆரம்பித்திருக்கிறது. அப்பாடா என்று சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறான். கயிறு இறங்குகிறது, டயர் இறங்கவில்லை. டயர் சட்டத்தோடு துருவில் ஒட்டிக்கொண்டு அங்கேயே நிற்கிறது. அவிழ்ந்த கயிறு போக இடமில்லாமல் பெட்டிக்குள்ளேயே சிக்கல் சிக்கலாகச் சுருண்டுவிட்டது. அப்புறம்தான் அடியும் இழுவையும்.

“கேஸ் வெல்டிங்காரர் யாராச்சும் இருந்தா கயித்த அறுத்துரலாம் மாமா” என்றான் ஒரு பையன். காற்றடைத்த டயருக்குப் பக்கத்தில் தீயா? டிஸ்க் சூடேறினால் டயர் வெடிக்கும். வெடித்தால் அது பஞ்சர் மாதிரி ‘புஸ்’ஸென்று போகாது. நான் அந்தப் பையனைத் திட்டவில்லை. அவசரத்தில் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அறுப்பதுதான்.

பிளாஸ்டிக் கேனில் இருந்த குடிதண்ணீரை ஊற்றி உப்பையும் மண்ணையும் கழுவச் சொன்னேன். பாட்டில் எண்ணெயை ஒரு குச்சியில் துணி சுற்றி, சட்டமும் டிஸ்க்கும் ஒட்டுகிற இடம், தகடு உட்கார்ந்திருக்கிற ஓட்டை, பல்சக்கரப் பெட்டி என்று எட்டுகிற இடத்தில் எல்லாம் விட்டோம். எண்ணெய் விட்டால் உடனே தட்டிப் பார்க்கக் கூடாது. அது நுழைய நேரம் கொடுக்கணும். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அம்மி நகரும், அதை மறுக்கவில்லை. துருவை அவசரப்பட்டு அடித்தால் துரு இருக்க இரும்பு உடையும்.

“இப்ப கயித்தத் திருப்பிச் சுத்து” என்றேன். “ஏத்துற பக்கம்.”

“மாமா, எறக்கணும்னு சொல்றேன், ஏத்தச் சொல்றீங்களே.”

“சுத்துடா.”

கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி, உள்ளே சுருண்ட கயிறு மறுபடி உருளையில் ஒழுங்காகப் படிந்து, விறைப்பாக நிற்கிற வரைக்கும் கொண்டுவந்தான். மணி இரண்டே கால். இனி செய்ய வேண்டியது ஒன்றுதான். ஸ்டெப்னிக்கு அடியில் ஒரு கட்டையைக் கொடுத்து, ஜாக்கி வைத்து, அதை ஒரு விரற்கடை மேலே தூக்க வேண்டும். தூக்கினால் கயிற்றில் உள்ள பாரம் போகும், தகட்டின் பிடி தளரும், சட்டத்தோடு ஒட்டிய துருப் பொருக்கு நசுங்கி உடையும். உடைந்த பிறகு ஜாக்கியை இறக்க இறக்க, ராடையும் இறக்குகிற பக்கம் சுற்றிக்கொண்டே வந்தால் டயர் பூ மாதிரி வரும். கயிறு அறுந்தால் பிடித்துக்கொள்ள ரெண்டாவது கொக்கி வைத்த வண்டிகளும் இருக்கின்றன. அதற்கும் இதே வழிதான், மேலே தூக்கினால்தான் கொக்கி விடும்.

ஆனால் இருந்த ஒரே ஜாக்கி வண்டியைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. பஞ்சர் சக்கரத்தை மறுபடி மாட்டி வண்டியை இறக்கினால் பின்பக்கம் தாழ்ந்துபோய், அடியில் எதுவும் நுழையாது. இன்னொரு ஜாக்கி வேண்டும். அதுவும் குட்டையான பாட்டில் ஜாக்கி.

மருமகன் என் முகத்தைப் பார்த்தான். நான் ரோட்டைப் பார்த்தேன். குட்டை ஜாக்கி யாரிடம் இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரியும். ரெண்டு மைல் தள்ளி வெல்டிங் பட்டறை வைத்திருக்கிற என் தம்பியிடம். அவனுக்கு அவர் சின்ன மாமா. எனக்கு அவன் ஒன்பது வருஷமாக யாரும் இல்லை.

இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அப்பா இறந்த வருஷம், 2015-ல், தென்னந்தோப்பை அளக்க வந்தோம். எழுபத்திரண்டு சென்ட். எல்லைக் கல் எங்கே என்று பேச்சு வந்தது. பேச்சு வளர்ந்தது. நாலு பேர் முன்னால் நான் சொன்னேன்: “ஆஸ்பத்திரிக்கு ஒத்த ரூவா குடுக்காதவன் அளக்க மட்டும் வந்துட்டான்.” அவன் கையிலிருந்த அளவு டேப்பைக் கீழே போட்டான். “இனிமே ஒன் வாசப்படிய மிதிச்சா நான் எங்கப்பனுக்குப் பொறந்தவன் இல்ல” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவன் பணம் கொடுத்திருந்தான். தங்கை கையில் கொடுத்து, அண்ணனிடம் சொல்ல வேண்டாம் என்றிருக்கிறான். எனக்கு அது தெரிய இரண்டு வருஷம் ஆனது. தெரிந்த அன்று போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் பெரியவன் அல்லவா.

ஊர்ப் பெரியவர்கள் மூன்று தடவை உட்கார்ந்தார்கள். மூன்று தடவையும் அவனைத்தான் இழுத்தார்கள். “சின்னவன்தானே, ஒரு எட்டு வீட்டுக்கு வந்து அண்ணனப் பாத்துட்டுப் போனா கொறஞ்சா போயிருவ?” என்று. ஒவ்வொரு கூட்டத்துக்கும் அவன் இன்னும் விறைத்தான். அவனுக்குப் பிடிவாதம் என்றார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

மருமகன் போன் செய்தான். “சின்ன மாமா, ஸ்டெப்னி மாட்டிக்கிச்சு. ஒங்க குட்ட ஜாக்கி வேணும். ஆமா… பெரிய மாமாவும் இருக்காக.” அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு போன் வைக்கப்பட்டது. இருபது நிமிஷத்தில் அவன் பைக் வெளிச்சம் தெரிந்தது. ஜாக்கி மட்டுமில்லை, புளியமரக் கட்டை ரெண்டு, ஒரு டின் டபிள்யூடி-40, சாக்கு, பெரிய டார்ச் என்று பட்டறையையே கட்டிக்கொண்டு வந்திருந்தான். (அந்த டின்னின் பெயரில் உள்ள 40-க்கு என்ன அர்த்தம் என்று கேட்டிருக்கிறேன். தண்ணீரை விலக்கித் துருவைத் தடுக்க 1953-ல் அமெரிக்காவில் சான் டியேகோவில் மருந்து தேடியவர்களுக்கு நாற்பதாவது முயற்சியில்தான் கிடைத்ததாம். முப்பத்தொன்பது தடவை தோற்றதைப் பெயரிலேயே போட்டுக்கொள்ள ஒரு மனசு வேண்டும்.)

அவன் என்னைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. வேலை மட்டும் நடந்தது, எல்லாம் மருமகன் வழியாக.

“மாப்ள, ராடு பிடிக்கிறவரக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லு.”

“பெரிய மாமா, பொறுக்கச் சொல்றாக.”

“கேட்டுச்சுடா. கட்டைய நடு மையத்துல வைக்கச் சொல்லு. ஓரமா வச்சா டயர் சரியும்.”

“சின்ன மாமா, நடு…”

“காதுல விழுந்துச்சு.”

இரண்டு பேரும் ஒரு கையகலத் தூரத்தில்தான் இருந்தோம். பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பார்கள். அடியில் யாரும் போகாமல், பின்பக்கத்திலிருந்தே சாக்கின் மேல் ஜாக்கியைத் தள்ளி நடு மையத்தில் நிறுத்தினான். நெம்பினான். ஜாக்கி ஏறிக் கட்டையைத் தொட்டது, கட்டை டிஸ்க்கைத் தொட்டது. இன்னும் ஒரு நெம்பு. இன்னும் ஒன்று. வண்டியே ஒரு முறை முனகியது. பிறகு காய்ந்த பனை ஓலையை மிதித்த மாதிரி ஒரு சத்தம். துருப் பொருக்கு பொலபொலவென்று உதிர்ந்தது.

“விட்டுருச்சு” என்றான், யாரிடமும் இல்லாமல்.

நான் ராடை அரைச் சுற்று சுற்றினேன், அவன் ஜாக்கியை ஒரு விரல் இறக்கினான். மறுபடி அரைச் சுற்று, ஒரு விரல். இதற்கு வாய்ப் பேச்சு வேண்டியதில்லை. சின்ன வயதில் கிணற்றில் இரண்டு பேரும் சேர்ந்து தண்ணீர் சேந்தியவர்கள். ஒருவன் விடுகிற நேரம் இன்னொருவன் பிடிப்பான். நாலு விரற்கடை இறங்கியதும் டயர் ஒரு பக்கம் சாய்கிற மாதிரி இருந்தது. நிமிர்த்துவோம் என்று நான் இடது கையை உள்ளே நீட்டினேன். எழுபத்திரண்டு வயதில் செய்கிற முட்டாள்தனம் அது. இருபது வயதுப் பையனை நான் எதற்குத் திட்டினேனோ அதேதான்.

“கைய எடுண்ணே!”

எடுத்தேன். எடுத்த கணம் இரும்புக் கயிற்றின் துருவேறிய இழைகள் படபடவென்று தெறித்து, டயர் கட்டையிலிருந்து நழுவி மண்ணில் ‘தொம்’மென்று விழுந்தது. என் கை இருந்த இடத்தில் டிஸ்க்கின் விளிம்பு கிடந்தது.

யாரும் எதுவும் பேசவில்லை. அவன் டார்ச்சைக் கீழே வைத்துவிட்டு, தகட்டை ஓட்டையிலிருந்து சாய்த்து எடுக்கிற வேலையைப் பார்க்கப் போனான். அதுவும் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. மரக்கட்டையால் அடியிலிருந்து மேல் பக்கமாக ரெண்டு தட்டுத் தட்டியதும் வந்தது.

டயரை இழுத்து வெளிச்சத்தில் போட்டோம். புத்தம் புதுசு. புது டயரில் மயிர் மாதிரி ரப்பர் நீட்டிக்கொண்டிருக்குமே, அது அப்படியே இருந்தது. ஒரு நாள்கூட ரோட்டைத் தொடாத டயர். பக்கவாட்டில் நாலு எண் பொறித்திருப்பார்கள். முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருஷம். இதில் 2318. 2018-ஆம் வருஷத்து இருபத்து மூன்றாவது வாரத்தில் செய்தது. ஆறு வருஷம் சும்மா தொங்கியே பக்கவாட்டு ரப்பர் வெடிப்புக் கண்டிருந்தது. காற்றும் பாதிதான். மாட்டினோம். மெதுவாக ராமநாதபுரம் வரை ஓட்டிப்போய் அங்கே காற்றுப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். மதுரைக்கு அவன் போய்ச் சேர்ந்தபோது ஏலம் பாதி முடிந்துவிட்டது. விலை போச்சு. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. என் வாத்தியார் ஞாபகம் வந்தது. 1971-ல் நாமக்கல் லாரி ஒன்றில் கிளீனராகச் சேர்ந்தேன். பழைய டாட்டா மெர்சிடிஸ் பென்ஸ். ஜெர்மன்காரர்களோடு கூட்டு 1969-லேயே முடிந்துவிட்டது, வண்டி மூக்கில் நட்சத்திரம் மட்டும் மிச்சம். தூத்துக்குடி உப்பு ஏற்றிக்கொண்டு தொப்பூர் கணவாய் ஏறுகிறோம், மழை. தார்ப்பாய் கட்டிய கயிறு நனைந்து, விறைத்து, முடிச்சு கல்லாகிவிட்டது. மழை நின்றதும் அவிழ்த்து இறுக்கிக் கட்ட வேண்டும். நான் பல்லால் கடித்து இழுத்துப் பார்க்கிறேன். டிரைவர் அண்ணன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, “முடிச்ச விடுடா. மேல ஏறி மூட்டைய மிதி” என்றார். மிதித்தேன். மூட்டை அமுங்கியது, கயிறு தொய்ந்தது, கீழே நின்ற அவர் இரண்டே விரலால் முடிச்சை அவிழ்த்தார். “கை பிரேக் போட்டுருக்கும்போது அத எப்படிடா எடுப்ப?” என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். கை பிரேக்கை விட வேண்டுமானால் முதலில் அதை இன்னும் கொஞ்சம் மேலே இழுக்க வேண்டும். இழுத்தால்தான் பல் விடும். “எதையும் ஏத்தித்தான் எறக்கணும்” என்றார்.

அதற்கப்புறம் ஐம்பது வருஷத்துக்கு மேல், எத்தனை நட்டு, எத்தனை கொக்கி, எத்தனை கதவுத் தாழ்ப்பாள். மாட்டிக்கொண்ட எதைப் பார்த்தாலும் முதலில் அதன் மேல் என்ன பாரம் இருக்கிறது என்றுதான் பார்ப்பேன். இரும்பு விஷயத்தில் நான் தவறியதில்லை. ஆனால் ஒரு மனிதன் தான் சொன்ன ஒரு சொல்லில் ஒன்பது வருஷமாகத் தொங்கிக்கொண்டிருந்தபோது, அவனை மூன்று தடவை கீழே இழுக்கவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தேன். வாசப்படி மிதிக்க மாட்டேன் என்று அப்பன் பேரில் சொன்னவனை வீட்டுக்கு வா, வீட்டுக்கு வா என்று கூப்பிட்டால் அவன் எப்படி வருவான்? வந்தால் அவன் சொல் போயிற்று. அந்தப் பாரத்தை எடுக்க யாரும் முனையவில்லை. அதைப் போட்டவன் நான்.

அன்று ராத்திரி அவனை யாரும் சமாதானத்துக்குக் கூப்பிடவில்லை. ஜாக்கி வேண்டும் என்று கூப்பிட்டோம். இல்லாதவர்கள் நாங்கள், இருக்கிறவன் அவன். எங்களை அறியாமலே அவனை ஒரு விரற்கடை மேலே தூக்கியிருக்கிறோம்.

பிள்ளைகளிடம் நாம் செய்வதும் இதுதான் என்று இப்போது படுகிறது. பொய் சொல்லிவிட்டு மூலையில் நிற்கிற பையனிடம், “உண்மையச் சொல்லு, சொல்லு” என்று காதைத் திருகுவோம். திருகத் திருக அவன் பொய்யை இறுக்கிப் பிடிப்பான். என் பேரன் ஒரு தடவை ஸ்கூல் பீஸில் இருநூறு ரூபாயை எடுத்துவிட்டான். அவன் அப்பன் பெல்ட்டை எடுத்தான். நான் பையனைக் கடைக்குக் கூட்டிப்போய், “நானும் ஒன் வயசுல எங்க ஆத்தா முந்தானையில முடிஞ்சத அவுத்துருக்கேன்” என்றேன். நிஜமாகவே அவிழ்த்திருக்கிறேன். கடை வருவதற்குள் மொத்தக் கதையும் வந்துவிட்டது. எல்லா இடத்திலும் இது பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். சில கயிறு அறுந்துதான் போகும். அன்றைக்கும் கடைசியில் அறுந்துதானே விழுந்தது. ஆனால் அறுந்தபோது டயர் தரைக்குப் பக்கத்தில் வந்திருந்தது.

மருமகன் இப்போது மாதத்துக்கு ஒரு நாள், அமாவாசையைக் கணக்கு வைத்துக்கொண்டு, ஸ்டெப்னியை இறக்கி, நல்ல தண்ணீரில் கழுவி, புதுக் கயிற்றுக்கு கிரீஸ் தடவி, காற்றுப் பார்த்து ஏற்றுகிறான். தொட்டிக்கு அடியில் ஒரு தகரம் கட்டி, சொட்டுகிற தண்ணீர் பக்கவாட்டில் போகிற மாதிரி செய்திருக்கிறான். தடைக்காலம் வந்தால் ஸ்டெப்னியைக் கழற்றி வீட்டுக்குள்ளேயே சாய்த்து வைத்துவிடுகிறான். தங்கைக்கு அதில் மீன் நாற்றம் என்று ஒரே சத்தம்.

அன்று விடிகாலை மீன் வண்டி கிளம்பிய பிறகு, தம்பி தன் சாமான்களைப் பைக்கில் கட்டினான். கட்டை, டார்ச், டின். ஜாக்கி மட்டும் என் டிவிஎஸ் ஃபிஃப்டி பக்கத்தில் கிடந்தது. அவன் அதைப் பார்த்தான். “எண்ணெ ஒழுகுது. வாஷர் மாத்தணும்” என்றான் வண்டியைப் பார்த்துக்கொண்டு. “எங்கிட்ட வாஷர் இருக்கு” என்றேன் நானும் வண்டியைப் பார்த்துக்கொண்டு. சரி என்று தலையாட்டிவிட்டு உதைத்துக் கிளம்பிப் போனான்.

ஆஸ்பத்திரிப் பணம் விஷயம் எனக்குத் தெரியும் என்பதை அடுத்த மாதம் தோப்பில் வைத்துச் சொன்னேன். அவன் ஒரு தென்னை மட்டையைப் பொறுக்கி ஓரமாகப் போட்டான், வேறு ஒன்றும் சொல்லவில்லை.

வாஷர் மாற்றி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஜாக்கி இன்னும் என் வீட்டுத் திண்ணையில்தான் இருக்கிறது. துடைத்து, எண்ணெய் போட்டு, சாக்கின் மேல் வைத்திருக்கிறேன். திண்ணை வாசப்படிக்கு வெளியேதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வருகிறான். ஜாக்கியை எடுத்து, நாலு தடவை நெம்பி ஏற்றிப் பார்க்கிறான், இறக்குகிறான். என் வீட்டுக்காரி காபி கொண்டுவந்து வைக்கிறாள். குடித்துவிட்டு, “இன்னுங் கொஞ்சம் ஒழுகுற மாதிரி இருக்கு” என்று அங்கேயே வைத்துவிட்டுப் போகிறான்.